விமானப் படம் எடுப்பது சின்னப் பிள்ளை விளையாட்டா?



இந்தப் பதிவைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் நடந்தது. நாங்கள் ஐந்தாறு ஓய்வூதியர்கள் காலையில் திருவதிகை கோயில் வரை நடந்துவிட்டு, திரும்பும் வழியில் டீக்கடையில் உட்காருவோம். அன்றைக்குப் பேச்சு என் பேரன் பக்கம் திரும்பியது. கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் கேட்டார்: "ஏன் சார், உங்க பேரன் ஏரோப்ளேனைப் படம் பிடிச்சு அதோட நம்பரையெல்லாம் நோட்டில் எழுதி வைக்கிறானாமே? நீங்களும் கூட உட்கார்ந்து எழுதுறீங்களாமே? இந்த வயசுல நமக்கு இது தேவையா? பார்த்தோமா, கை தட்டினோமா, வந்தோமான்னு இருக்க வேண்டாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். நேரில் வாயடைத்து நிற்பதும், வீட்டுக்கு வந்து எழுத்தில் பதில் கொடுப்பதும் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனின் குணம். இதோ என் பதில்.

முதலில் விஷயம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்லவேண்டும். 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப் படையின் 92-வது ஆண்டை ஒட்டி மெரினா கடற்கரையில் வான் சாகச நிகழ்ச்சி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 72 விமானங்கள். பகல் 11 மணியிலிருந்து 1 மணி வரை. ரஃபேல், சுகோய், தேஜஸ், சூர்யகிரண் குழு, சாரங் ஹெலிகாப்டர்கள், கூடவே பழைய டகோட்டாவும் ஹார்வர்டும். நான் டி.வி.யில் பார்த்தேன். சென்னையில் படிக்கும் பேரன் நேரில் போனான். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது கைபேசியை என் கையில் கொடுத்தான். 340 படங்கள்.

"இது என்னடா?"

"ஃபைட்டர் தாத்தா."

"எந்த ஃபைட்டர்?"

"தெரியல தாத்தா. ஆனா செம சவுண்டு."

முந்நூற்று நாற்பது படத்திலும் இதே கதை. வானத்தில் ஒரு புள்ளி, அல்லது புகைக்கோடு, அல்லது முன்னால் நின்றவர் தலை. ஒரு படத்தில் மட்டும் இரண்டு விசிறி வைத்த பழைய விமானம் ஓரளவு தெளிவாக விழுந்திருந்தது. விசிறிகள் இரண்டும் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தன. "இது ரிப்பேர் ஆன ப்ளேன் போல" என்றான். ரிப்பேர் இல்லை. கைபேசிக் காமிரா முழுப் படத்தையும் ஒரே சமயத்தில் எடுப்பதில்லை, வரிவரியாகப் படித்து எடுக்கிறது. அதற்குள் விசிறி சுற்றிவிடுவதால் வளைந்தது போல் விழுகிறது. இதைப் பிறகு அவனே படித்து எனக்குச் சொன்னான். ஆனால் அந்த விமானம் என்ன என்று அவனுக்குச் சொன்னது நான். அது டகோட்டா.

எனக்கு எப்படித் தெரியும்? என் மாமாவால் தெரியும்.

நான் பண்ருட்டிக்காரன் என்றாலும் புதுச்சேரியில் தாய்மாமா வீட்டில் தங்கிப் பிரெஞ்சு வழியில் படித்தவன். மாமா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். புதுச்சேரிப் பேச்சில் சொன்னால் "சொல்தா". இந்தோசீனப் போரில் வியட்நாமில் வேலை பார்த்தார். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் ஆளையும் அரிசியையும் குண்டையும் டகோட்டாவில்தான் ஏற்றிச் சென்றார்கள். வீட்டுக் கூடத்தில் ஒரு படம் தொங்கும். டகோட்டாவின் கதவருகே மாமா இடுப்பில் கை வைத்து நிற்பார். சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்கு விமானப் பித்து பிடித்தது.

மாமா 1978-இல் காலமானார். அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு எழுதவேண்டும். பிரெஞ்சு எழுதத் தெரிந்தவன் நான்தான். மாமாவின் காகிதங்களில் பாதி செல்லரித்துவிட்டது. எந்தப் படைப் பிரிவு, எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டுப் பதில் வந்தது. கேட்டவர்கள் மேல் தப்பில்லை. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கூடத்துப் படத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தோம். வெறும் அட்டை. ஒரு எழுத்து இல்லை. விமானத்தின் வாலில் இருந்த எண்ணாவது தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். படம் எடுத்த புண்ணியவான் மாமாவின் முகத்தை நடுவில் கொண்டுவருவதற்காக வாலை வெட்டிவிட்டிருந்தார். மூன்று வருஷம் கழித்து, மாமாவோடு வேலை பார்த்த இன்னொரு சொல்தா எழுதிக் கொடுத்த கடிதத்தால்தான் காரியம் ஆனது. அந்த மூன்று வருஷமும் அத்தை எங்களைத்தான் நம்பியிருந்தார்.

நண்பரே, இதுதான் என் முதல் பதில். பெயரும் தேதியும் இடமும் எண்ணும் எழுதாத படம் வீட்டுச் சுவருக்கு அழகு. சாட்சி சொல்லாது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சரித்திரம் நடத்திய மெசியே ஒரு பழக்கம் வைத்திருந்தார். நோட்டில் ஒரு படம் ஒட்டினால் அதன் கீழே நாலு வரி எழுதவேண்டும். எழுதாவிட்டால் படத்தைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். அந்த நாலு வரிக்குப் பிரெஞ்சில் "லெழாந்த்" என்று பெயர். அதே சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: வீரகதை, புராணம். படத்தின் கீழே எழுதுவதற்கும் ஒரு மனிதன் காலம் கடந்து நிற்பதற்கும் அந்த மொழியில் ஒரே சொல். அது ஏன் என்று எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

புரியவைத்தவர் ஒரு விமானி. குடகு நாட்டைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா.

1965 செப்டம்பர் 7. பாகிஸ்தான் போர். சர்கோதா விமானத் தளத்தைத் தாக்க நம்முடைய மிஸ்தேர் விமானங்கள் போயின. பிரான்ஸில் செய்த விமானம் அது. மிஸ்தேர் என்றால் பிரெஞ்சில் புதிர். தேவய்யா முதலில் தாக்குதல் பட்டியலில் இல்லை. மாற்று ஆளாக வைத்திருந்தார்கள், பிறகு சேர்ந்துகொண்டார். அவர் திரும்பி வரவில்லை. என்ன ஆனார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. காணாமல் போனவர் கணக்கில் சேர்த்தார்கள்.

1979-இல் ஜான் ஃபிரிக்கர் என்ற ஆங்கில எழுத்தாளர் அந்த வான்போரைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். பாகிஸ்தான் தரப்புத் தகவல்களை வைத்து எழுதிய புத்தகம். அதில்தான் வெளிவந்தது: அன்றைக்குப் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை ஒரு இந்திய மிஸ்தேர் சுட்டு வீழ்த்தியது என்று. ஸ்டார்ஃபைட்டர் ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போகும் அமெரிக்க விமானம். மிஸ்தேர் அதன் வேகத்தில் பாதிகூடப் போகாது. எந்த மிஸ்தேர் என்று இங்கே கணக்குப் பார்த்தபோதுதான் அது தேவய்யாவாகத்தான் இருக்கமுடியும் என்று தெளிவானது. 1988-இல் அவருக்கு மகாவீர் சக்ரா விருது அறிவித்தார்கள். இறந்து 23 வருஷம் கழித்து!

பல வருஷம் அவர் மனைவிக்குத் தன் கணவர் எப்படிச் செத்தார் என்று தெரியாது. நம் கோப்பில் இல்லாதது எதிராளியின் கோப்பில் இருந்தது. எதிராளி எழுதி வைத்ததால் நம் வீரனுக்கு நாம் மரியாதை செய்தோம். "எழுதி வைத்து என்ன ஆகப்போகிறது" என்று கேட்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

எழுதினால் மட்டும் போதாது, சரியாக எழுதவேண்டும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1971 டிசம்பர் 11-ஆம் தேதி டாங்கைலில் நம் பாராசூட் படை இறங்கியது. டகோட்டாக்களும் அதில் பங்கெடுத்தன. வானம் முழுக்கப் பாராசூட்டாகத் தெரியும் ஒரு படம் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தது. இறங்கியது ஒரு பட்டாலியன்தான், ஆனால் படத்தைப் பார்த்தவர்கள் ஒரு பெரும்படையே இறங்கிவிட்டதாக நம்பினார்கள். அந்தப் படம் டாங்கைலில் எடுத்ததே அல்ல, முன்பு ஆக்ரா பக்கம் நடந்த பயிற்சியில் எடுத்தது என்று அப்போது ராணுவத்தின் மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்தவரே பிற்காலத்தில் சொன்னார். அது யுத்தகாலத் தந்திரம், நமக்கு லாபமாக முடிந்தது. ஆனால் அதே கத்தி நம் கழுத்துக்கும் வரும் அல்லவா?

வந்தது. 2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்த நாட்களில் நம் ஓய்வூதியர் வாட்ஸாப் குழுவில் ஒரு படம் ஓடியது. வயலில் எரிந்து கிடக்கும் விமானம். "ரஃபேலை வீழ்த்திவிட்டார்களாம்" என்று கீழே ஒரு வரி. டீக்கடையில் அன்றைக்குச் சிரித்த நண்பர்களில் ஒருவர்தான் அனுப்பினார். பெயர் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பேரனுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "தாத்தா, இது பழைய படம். 2021-இல் பஞ்சாப் மோகா பக்கம் விழுந்த மிக்-21." மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் அதையே சொன்னது. ஏழு மாதத்துக்கு முன்னால் "ஏதோ ஃபைட்டர்" என்று சொன்ன பையன், நோட்டுப் போட்டு விமானங்களைப் பெயர் சொல்லிப் பழகியதால் அன்றைக்கு ஒரு புரளியைப் பத்து நிமிஷத்தில் பிடித்தான். அறுபது, எழுபது வயதான நாம் அதை அடுத்த குழுவுக்குத் தள்ளிவிட்டோம். இதில் சின்னப் பிள்ளை யார்?

இப்போது எதிர்த் தரப்பு வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம் பாதுகாப்பு. "ராணுவ விஷயத்தைப் படம் எடுப்பது ஆபத்து" என்பார்கள். நானும் அரசு ஊழியனாக இருந்தவன். 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் எனக்குத் தெரியும். விமான நிலையத்தில் அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது என்னும் 1937-ஆம் ஆண்டு விதியும் தெரியும். தாம்பரத்திலோ தஞ்சாவூரிலோ சூலூரிலோ படைத்தள மதில் மேல் ஏறிப் படம் எடு என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். எல்லையில் சண்டை நடக்கும்போது படை நடமாட்டத்தைப் படம் எடுத்துப் போடுபவனைப் பிடித்து உள்ளே போடுங்கள், நான் கை தட்டுகிறேன்.

ஆனால் வான் சாகச நிகழ்ச்சி என்பது என்ன? "வாருங்கள், பாருங்கள்" என்று படையே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துக் கூப்பிடுவது. லட்சக்கணக்கான பேர் கைபேசியில் படம் எடுக்கலாம், ஒருவன் மட்டும் நோட்டில் எண்ணைக் குறித்தால் அவன் சந்தேக ஆசாமியா? 2001 நவம்பரில் கிரேக்க நாட்டில் இதுதான் நடந்தது. விமானத் தளங்களில் பொதுமக்களுக்கான நாளுக்குப் போன 14 பேர், 12 ஆங்கிலேயரும் 2 டச்சுக்காரரும், விமான எண்களைக் குறித்ததால் உளவாளிகள் என்று கைதானார்கள். 2002 ஏப்ரலில் தண்டனை. அதே வருஷம் நவம்பரில் மேல் நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுதலை செய்தது. அப்படி ஒரு பொழுதுபோக்கு உலகத்தில் உண்டு என்பதே அங்கே விசாரித்தவர்களுக்குப் புரியவில்லை. நமக்கும் இன்னும் புரியவில்லை.

சில வருஷம் முன்பு வேறொரு ஊரில், பொது இடத்தில் தூண்மேல் நிறுத்தியிருந்த பழைய போர் விமானம் ஒன்றைப் படம் எடுத்தேன். காவலாளி ஓடிவந்தார். "படம் எடுக்கக் கூடாது சார், அழிங்க." அழித்தேன். பிறகு கேட்டேன், "இது என்ன விமானம் தம்பி?" அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தெரியாது சார், ராக்கெட்டுன்னு நினைக்கிறேன்" என்றார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு பலகை இல்லை. தெருவில் போகிற அத்தனை பேரும் பார்க்கட்டும் என்று தூக்கி நிறுத்திவிட்டு, என்னவென்று எழுதாமல், படமும் எடுக்காதே என்றால் அதில் எந்த ரகசியத்தைக் காக்கிறோம்? காவலாளியைக் குறை சொல்லவில்லை. அவருக்குச் சொன்னதை அவர் செய்தார். ஒரு பலகைக்கு ஆகும் செலவு இரண்டாயிரம் ரூபாய்கூட இருக்காது.

இரண்டாவது வாதம்: "இதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்." அரசாங்கத்தில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். யாராவது மனசு வைத்தால் பார்த்துக்கொள்ளும், இல்லாவிட்டால் இல்லை. மனசு வைத்ததற்கு ஒரு உதாரணம் விசாகப்பட்டினம். டி.யு.-142 என்ற ரஷ்ய விமானம், கடற்படையுடையது, நாலு எஞ்சின், இறக்கையில் ராட்சத விசிறிகள். 1988-இல் சேர்ந்து 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றது. அந்த 29 வருஷத்தில் பெரும்பகுதி அதற்கு வீடு நம் அரக்கோணம் ராஜாளித் தளம். ஓய்வு பெற்றதும் ஒன்றை விசாகப்பட்டினத்துக்குப் பறக்கவிட்டு, கடற்கரையில் நிறுத்தி, அருங்காட்சியகமாக்கி, அதே வருஷம் டிசம்பரில் குடியரசுத் தலைவரை வைத்துத் திறந்துவிட்டார்கள். உள்ளே ஏறிப் பார்க்கலாம். அவர்களைப் பாராட்டுகிறேன். அரக்கோணத்துக்காரர் இருபத்தைந்து வருஷம் அதன் சத்தத்தைக் கேட்டார், அதைத் தொட்டுப் பார்க்க ஆந்திராவுக்கு ரயில் ஏறவேண்டும். அந்த வருஷங்களில் அது அவர் வீட்டுக் கூரைக்கு மேலே போனபோது யாராவது படம் எடுத்துத் தேதி போட்டு வைத்திருக்கிறார்களா?

நம் பக்கத்தையே பாருங்கள். உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளைக்காரன் போட்ட ஓடுபாதை இருக்கிறது. இங்கிருந்து ஒரு மணி நேர பஸ் தூரம். அங்கே எந்தெந்த விமானம் இறங்கியது, கல் சுமந்தவர்கள் யார், நிலம் கொடுத்தவர்கள் யார்? நான் போய்ப் பார்த்தபோது ஒரு பலகையும் கண்ணில் படவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எழுதி வைத்திருக்கவேண்டியவர்கள் நம் தகப்பனார் தலைமுறை. அவர்கள் எழுதவில்லை. நாமும் எழுதாவிட்டால் அடுத்தவனைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

மெரினாவில் பறந்த டகோட்டாவுக்கே வருகிறேன். அதன் எண் வி.பி. 905. 1947 அக்டோபர் 27-ஆம் தேதி சீக்கிய ரெஜிமெண்டு வீரர்களை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கிய டகோட்டாவின் எண் அது. ஆனால் மெரினாவில் பறந்தது அந்த விமானம் அல்ல. பிரிட்டனில் கிடந்த வேறொரு டகோட்டாவை ராஜீவ் சந்திரசேகர் வாங்கிச் சீர்செய்து, டகோட்டா ஓட்டிய தன் தகப்பனாரைக் கௌரவிக்கும் வகையில் 2018-இல் விமானப் படைக்குக் கொடுத்தார். மரியாதைக்காக அந்தப் பழைய எண்ணை எழுதினார்கள். பெயர் பரசுராமா. இதை நாலு வரியில் எழுதி வைத்தால் அது மரியாதை. எழுதாமல் விட்டால் ஐம்பது வருஷம் கழித்து ஒருவன் "காஷ்மீருக்குப் போன அதே விமானம்" என்று அடித்துச் சொல்வான். பொய் சொல்லவேண்டும் என்று யாரும் நினைக்காமலே பொய் பிறந்துவிடும்.

மூன்றாவது வாதம்தான் எனக்குக் கோபம் மூட்டியது: "பார்த்தோமா, கை தட்டினோமா, வந்தோமா." மெரினாவுக்குப் போன எல்லோரும் வீட்டுக்கு வரவில்லையே நண்பரே. அன்றைக்கு வெயிலிலும் நெரிசலிலும் 5 பேர் செத்துப் போனார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். யார் மேல் தப்பு என்று கட்சிக்காரர்கள் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டார்கள். நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். விமானத்தை எண்ணினோம், 72. கூட்டத்தை எண்ணினோம், 15 லட்சம் என்றார்கள், சாதனைப் புத்தகத்தில் ஏறும் என்றார்கள். தண்ணீர்க் குழாயை எண்ணினோமா? நிழலை எண்ணினோமா?

பேரனுடைய 340 படங்களில் ஒன்றே ஒன்று தரையைப் பார்த்து எடுத்தது. கைதவறி விழுந்த படம். கண்ணுக்கு எட்டியவரை குடைகள், நடுவில் ஒரு பாட்டி மணலில் உட்கார்ந்து முந்தானையைத் தலையில் போட்டிருக்கிறார். "இதை டெலிட் பண்ணிடலாம் தாத்தா, ப்ளேனே இல்லை" என்றான். வேண்டாம் என்று தடுத்தேன். அதன் கீழே அவனையே எழுதச் சொன்னேன். "மெரினா, 6.10.2024, பகல் 12.40. நான் நின்ற இடத்தில் தண்ணீர் கிடைக்கவில்லை. கையில் இருந்த பாட்டிலை இந்தப் பாட்டியிடம் கொடுத்தேன்" என்று எழுதினான். நண்பர்களே, அந்த 340-இல் இதுதான் முதல் தரமான ஆவணம். வான் சாகசத்தைப் பதிவு செய்வது என்றால் வானத்தை மட்டும் பதிவு செய்வதல்ல. அடுத்த முறை ஏற்பாடு செய்பவர் இப்படி நூறு படத்தைப் பார்த்தால் பந்தல் எங்கே போடவேண்டும் என்று அவருக்கே தெரியும்.

கடைசியாக நம் கடலைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 ஜூன் 8-ஆம் தேதி இரவு, கடலோரக் காவல் படையின் டார்னியர் விமானம் 3 பேரோடு நம் கடலூர் மாவட்டக் கரைக்கு அப்பால் காணாமல் போனது. ஒரு மாதத்துக்கு மேல் தேடினார்கள். கடலடியில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. அடுத்த வருஷம் ஜூலை 22, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் போன ஏ.என்.-32 விமானம் 29 பேரோடு மறைந்தது. எண் கே-2743. ஏழரை வருஷம் ஒரு தடயமும் இல்லை. 2024 ஜனவரியில் சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கருவி, சென்னைக் கரையிலிருந்து 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் எடுத்தது. படங்களை ஆராய்ந்து, அவை ஏ.என்.-32 விமானத்தோடு ஒத்துப்போகின்றன என்று அறிவித்தார்கள். 29 வீடுகளுக்கு ஏழரை வருஷம் கழித்து ஒரு பதில். உடைந்த துண்டைப் பார்த்து "இது இந்த விமானம்தான்" என்று ஒருவர் சொல்லவேண்டுமானால், அது உடையாமல் இருந்தபோது எப்படி இருந்தது என்று யாரோ பார்த்து, படம் எடுத்து, எழுதி வைத்திருக்கவேண்டும். அதுதான் விஷயம்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வான் சாகசம் நடத்துபவர்கள் தமிழில் ஒரே ஒரு தாள் அச்சடித்துக் கொடுங்கள்: எந்த வரிசையில் எந்த விமானம், எந்தப் படைப்பிரிவு, எந்தத் தளத்திலிருந்து. ஊர் நடுவில் நிறுத்திய ஒவ்வொரு பழைய விமானத்துக்கும் நாலு வரியில் ஒரு பலகை வையுங்கள். அதன் முன்னால் நின்று படம் எடுப்பவனை விரட்டாதீர்கள். 1963-இல் வந்த மிக்-21, 62 வருஷம் உழைத்து 2025 செப்டம்பர் 26-இல் சண்டிகரில் விடைபெற்றது. அவற்றில் சில இனி பள்ளிக்கூடத்துக்கும் பூங்காவுக்கும் வரலாம். வரும்போதே அதன் எண்ணும் வரலாறும் கூடவே வரட்டும். நிகழ்ச்சியில் தண்ணீரும் நிழலும் கொடுங்கள். அதை நான் கேட்கவேண்டியிருப்பதே வெட்கம்.

நமக்கும் வேலை உண்டு. தாலுகா ஆபீஸ்காரர்களுக்குத் தெரியும், ஒரு கோப்பை முடிக்கும்போது ஆர்.டிஸ். போட்டால் நிரந்தரம், எல்.டிஸ். போட்டால் சீக்கிரம் குப்பை. எழுதாத படத்துக்குக் காலம் எல்.டிஸ். போட்டுவிடும். கைபேசியில் எடுக்கும் படத்தில் தேதியும் நேரமும் தானாகப் பதியும் என்பார்கள். உண்மை. ஆனால் அதை வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். அதனால் தனியே எழுதி வையுங்கள். காகிதப் படமாக இருந்தால் பேனா வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலில் நம் ஊரில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த அன்று, எங்கள் வீட்டு ஓடும் பறந்து ஆல்பம் நனைந்தது. மையில் எழுதியது அத்தனையும் கரைந்து நீலக் கறையானது. பென்சிலில் எழுதியது அப்படியே இருந்தது.

கருவூல நண்பரே, உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. உங்கள் அண்ணன் விமானப் படை உடுப்பில், ஒரு விமானத்தின் மூக்குக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்பார். உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அது எந்த ஊர், எந்த வருஷம், எந்த விமானம்? உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். உங்கள் பேத்திக்குத் தெரியுமா?

நாளைக் காலை நடைக்கு வரும்போது அந்தப் படத்தைக் கழற்றிக் கொண்டுவாருங்கள். பென்சில் நான் கொண்டுவருகிறேன். டீ உங்கள் கணக்கு.